கடைசிப் பத்து நிமிடம்

எனக்கு எழுத்துக் குறைவு. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் போகாமல் மறித்துப் போட்டார்கள். இதைக்கூட எழுத்துக் கூட்டி, மெல்ல மெல்ல ஆறுதலாகத்தான் எழுதுகிறேன். ஆனால் உதைபந்தாட்டத்தைப் பற்றி எனக்கு ஒருவரும் வகுப்பெடுக்கத் தேவையில்லை.

ஒஸ்லோவுக்கு வந்த முதல் குளிர்காலம், அம்மருட்டில் மகனுடைய ஏழாம் மாடி வீட்டில் பகல் முழுக்கத் தனிய இருந்தேன். தொலைக்காட்சியில் கதைக்கிறது ஒன்றும் விளங்காது. பந்தாட்டம் மட்டும் விளங்கியது. யார் களைத்துவிட்டான், யார் பொய்க்கு விழுகிறான், யாருக்குப் பந்து கொடுக்க மற்றவர்களுக்கு மனமில்லை, எல்லாம் பார்க்கத் தெரியும். ஓவ்சைட் என்றால் என்ன என்று என் மருமகளுக்குச் சொல்லிக் கொடுத்தது நான்தான்.

எனக்கு ஒரே ஆசை இருந்தது. நாட்டு அணி விளையாடுகிற அந்தப் பெரிய மைதானத்தில் ஒரு ஆட்டத்தை, முதல் விசிலில் இருந்து கடைசி விசில் வரைக்கும் இருந்து பார்க்க வேண்டும். மகனிடம் மூன்று வருடம் கேட்டேன். நாலாம் வருடம் டிக்கெட்டோடு வந்தான்.

ரயிலால் இறங்கிப் பார்த்தால் முன்னால் ஆட்கள் வேலைக்குப் போகிற கந்தோர்க் கட்டடம். கீழே கடைகள், சாமான் வாங்குகிற சனம்.

"எங்கையடா மைதானம்?"

"இதுதான் அம்மா. உள்ளுக்கை இருக்கு."

கோயில் வாசலில் சந்தை வைத்தது போல இருந்தது. அப்போதே எனக்குக் கோபம். உள்ளே போனால் எனக்கு முன்னால் இருந்தவன் மூன்று தரம் எழும்பிப் போய் பியரும் சொசேஜும் வாங்கி வந்தான். காசு கொடுத்து வந்துவிட்டு இரண்டு கண்ணாலும் ஆட்டத்தைப் பார்க்கவில்லை. அவன் எழும்புகிற நேரமெல்லாம் எனக்கு அவனுடைய முதுகுதான் தெரிந்தது.

நல்லதையும் சொல்ல வேண்டும். பந்தை உதைக்கிற சத்தம் தொலைக்காட்சியில் வருகிற சத்தம் இல்லை. இளநீர்க் கோம்பையை நிலத்தில் எறிந்த மாதிரித் தொம் என்று நெஞ்சில் விழுந்தது. தொலைக்காட்சி பந்து போகிற இடத்தைத்தான் காட்டும். அங்கே பந்து இல்லாதவனையும் பார்க்கலாம். வெளிநாட்டில் இருந்து வந்த அணியில் இடது பக்கம் பின்னுக்கு நின்றவனை நான் கன நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பந்து அங்கால் போனதும் இடுப்பில் கை வைப்பான். பிறகு குனிந்து முழங்காலைப் பிடிப்பான். ஆட்டம் ஒன்றுக்கு ஒன்று.

இன்னும் பத்து நிமிடம் கிடக்கிறது. மகன் என் தோளில் தட்டினான்.

"அம்மா, எழும்புங்கோ. போவம்."

"எங்கை?"

"வீட்டை. முடிஞ்சாப் பிறகு ரயிலிலை இருக்க இடம் கிடையாது. உங்கடை முழங்காலோடை நிண்டுகொண்டு வரேலாது."

"என்ரை முழங்காலை நான் பாக்கிறன். நீ இரு."

"இனி ஒண்டும் நடக்காது அம்மா."

"அந்த இடது பக்கத்தான் விழப்போறான். அதாலை ஒரு கோல் வரும்."

அவன் சிரித்தான். "அப்ப கீழை இறங்கிப் போய் பயிற்சியாளருக்குச் சொல்லிப்போட்டு வாங்கோ."

என் பையையும் குஷனையும் தூக்கிக்கொண்டான். முன்னால் இருந்தவன் திரும்பிப் பார்த்தான். ஊருக்கு முன்னால் மகனோடு பிடுங்குப்பட எனக்கு விருப்பமில்லை. எழும்பினேன். அது என் பிழை. இன்றைக்கும் அதை நினைத்தால் என்னிலேயே எரிச்சல் வரும்.

படிக்கட்டில் பாதி இறங்கியிருப்போம். மேலே இருந்து ஒரு சத்தம் வந்தது. நான் பிடித்திருந்த கம்பி கைக்குள் அதிர்ந்தது. என்ன நடந்தது என்று நான் கேட்கத் தேவையில்லை.

மகன் என்ன செய்தான் தெரியுமா? என் கையை விட்டான். பையையும் குஷனையும் படியில் போட்டான். இரண்டிரண்டு படியாகப் பாய்ந்து மேலே ஓடினான். நாற்பது வயது ஆள். முழங்கால் நோகும் என்று என்னைக் கிளப்பினவன், அந்த முழங்காலோடு என்னை நடுப்படியில் விட்டுவிட்டு ஓடினான்.

கொஞ்சத்தால் வந்தான். முகம் முழுக்கச் சிரிப்பு. என்னைக் கண்டதும் சிரிப்பை மடித்து வைத்தான்.

"அம்மா, இடது பக்கத்தாலைதான்."

பையையும் குஷனையும் நானே தூக்கிக்கொண்டு கீழே இறங்கினேன்.

ரயிலில் இடம் தாராளமாகக் கிடந்தது. அவன் சொன்னது சரிதான். அதுதான் இன்னும் கோபம்.

"இருங்கோ அம்மா."

இருக்கவில்லை.

"அம்மா, சனம் பாக்குது."

பார்க்கட்டும் என்று நின்றேன். ரயில் மாறினோம். அதிலும் இடம் இருந்தது, அதிலும் நின்றேன். அம்மருட் வரைக்கும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். முழங்கால் நொந்ததுதான். அதை அவனுக்குக் காட்டவில்லை. எனக்குப் பக்கத்தில் அவனும் இருக்காமல் நின்றான்.

அந்தக் கோலைத் தொலைக்காட்சியில் திருப்பித் திருப்பிப் போட்டார்கள். மருமகள் கூப்பிட்டாள். நான் குசினியை விட்டு வரவில்லை. வெங்காயம் வெட்டினேன். அந்தக் கோலை இன்றைக்கு வரைக்கும் நான் பார்க்கவில்லை.

இந்த வருடம் திரும்பவும் டிக்கெட் கொண்டுவந்தான்.

"எத்தினையாம் நிமிசம் எழும்புவாய்?" என்று கேட்டேன்.

"மைதானத்திலை லைற் எல்லாம் நூத்து இருட்டாக்கிற வரைக்கும் இருப்பம் அம்மா. சத்தியமா."

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். டிக்கெட் இரண்டும் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டிக் கிடக்கின்றன. போகும்போதும் வரும்போதும் ஒருக்கால் என் முகத்தைப் பார்க்கிறான். இன்னும் சொல்லவில்லை.