க்யூ எழுத்துக்கு இருபது வார்த்தை

போன வாரம் வியாழக்கிழமை காலை, ஒரு பள்ளிக்கூடத்துப் பிரின்சிபல் அறையில் நின்று கத்தினேன். அறுபதைத் தொடப்போகிற வயதில், பிரஷர் மாத்திரையைப் போட்டுக்கொண்டு போய்க் கத்தினேன். வாட்ச்மேன் ஓடி வந்து எட்டிப் பார்த்தார். 'அத்தோடு விட்டார்களே' என்று என் வீட்டுக்காரர் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

கோபம் தீரவில்லை. அதனால் இந்த வாரப் பத்தியில் நீங்கள்தான் மாட்டினீர்கள்.

பாரிவாக்கத்தில் எங்கள் தெருவிலேயே இருக்கிறாள் நூர்ஜஹான். எனக்கு ஜாக்கெட் தைத்துக் கொடுப்பவள். அவள் மகள் அஃப்ரீன் பூந்தமல்லிப் பக்கம் ஒரு இங்கிலீஷ் மீடியம் பள்ளியில் ஐந்தாவது படிக்கிறாள். அங்கே வாரத்துக்கு ஓர் எழுத்து. அந்த எழுத்தில் தொடங்கும் இருபது ஆங்கில வார்த்தைகளை அர்த்தத்தோடு படித்து வர வேண்டும். இதற்கென்றே வழவழவென்று ஒரு கலர் புத்தகம். வருஷக் கடைசியில் ஏதாவது ஓர் எழுத்தில் தேர்வு. அந்த மார்க்கை வைத்துத்தான் ஆறாம் வகுப்பில் ஏ செக்‌ஷனா, டி செக்‌ஷனா என்று பிரிப்பார்கள். ஏ செக்‌ஷனுக்கு லைப்ரரி உண்டு, நல்ல டீச்சர் உண்டு. டி செக்‌ஷனுக்கு ஜூனிலிருந்து இங்கிலீஷ் டீச்சரே கிடையாதாம்.

பத்து வயதுக் குழந்தைகளை இப்படி ரகம் பிரிக்கிறார்கள்... தக்காளியா இது?

இந்த வருஷத் தேர்வுக்கு வந்த எழுத்து க்யூ. தேர்வுக்கு முந்தின நாள் ஜாக்கெட் வாங்கப் போயிருந்தேன். "ஆன்ட்டி, புக்குல இருக்குற மீனிங் வாயில நுழைய மாட்டேங்குது. நானா எழுதலாமா?" என்று அஃப்ரீன் கேட்டாள். கை அளவு சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே, "தாராளமா எழுது கண்ணு. புரிஞ்சதை எழுதுறதுதான் படிப்பு" என்றேன். பத்தி எழுதுகிறவள் இல்லையா? வாயைத் திறந்தால் தத்துவம்தான் வரும்.

மூன்று நாள் கழித்து, புதன்கிழமை சாயங்காலம், நூர்ஜஹான் விடைத்தாளோடு வந்தாள். இருபதுக்கு ஏழு.

"இன்னாக்கா இது, ஒரே செவப்பா கீது? குந்திகினு எய்தி எய்திப் பாத்தாளே..."

அவளுக்கு இங்கிலீஷ் படிக்க வராது. நான் ஒவ்வொன்றாக வாசித்துத் தமிழில் சொன்னேன்.

க்யூ என்றால் வரிசை. அஃப்ரீன் தன் உடைந்த இங்கிலீஷில் எழுதியிருந்தது — 'ரேஷன் கடையில் என் அம்மாவும் நிறைய அம்மாக்களும் ஒருவர் பின்னால் ஒருவர் நிற்பது.' தப்பு. குவென்ச் என்றால் தாகம் தணிப்பது. 'விளையாடிவிட்டு வந்து, போதும் போதும் என்கிற வரை தண்ணீர் குடிப்பது.' அதுவும் தப்பு!

அடுத்தது குவாரி. 'கல்லை எல்லாம் எடுத்துக்கொண்டு போன பிறகு இருக்கும் பெரிய பள்ளம். மழைத் தண்ணீர் நிற்கும். ஆழம் தெரியாது. அங்கே குளிக்கப் போகக் கூடாது.' அதன் மேல் குறுக்கும் நெடுக்குமாகச் சிவப்புக் கோடு. பக்கத்தில், சரியான அர்த்தத்தைப் பத்து முறை எழுதி வரச் சொல்லி ஓர் உத்தரவு.

நூர்ஜஹான் என் கையிலிருந்து தாளை வாங்கி மடித்துக்கொண்டாள். மூன்று வருஷத்துக்கு முன் ஒரு மழைக்காலத்தில் அவள் தம்பி யூசுப் சிநேகிதர்களோடு கல்குட்டைக்குக் குளிக்கப் போனான். ஐ.டி.ஐ. படித்துக்கொண்டிருந்த பையன். மறுநாள்தான் எடுத்தார்கள். அஃப்ரீன் அந்த மாமனின் தோளிலேயே வளர்ந்த குழந்தை.

இவளுக்கா குவாரி என்றால் என்னவென்று தெரியாது?

மறுநாள் இருவரும் ஷேர் ஆட்டோவில் பள்ளிக்குப் போனோம். வழியில் நூர்ஜஹான் சொன்னாள்: "அங்க என் தம்பி கதைய சொல்லிடாதீங்கக்கா. பாவம் பாத்து போடற மார்க்கு நமக்கு வாணாம்."

முதலில் டீச்சரைப் பார்த்தோம். சின்னப் பெண். குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அவ எழுதினது கரெக்ட்தான் மேடம். படிக்கவே நல்லா இருந்துச்சு. ஆனா ஆன்ஸர் கீயில இருக்குறதுல ஒரு வார்த்தை மாறினாலும் மார்க் போடக் கூடாதுன்னு ஆர்டர்" என்றாள். அவளை என்ன சொல்ல? பிரின்சிபலிடம் போனோம்.

"யூனிஃபார்மிட்டி வேணும் மேடம். ஒவ்வொரு பிள்ளையும் ஒவ்வொரு மீனிங் எழுதினா எப்படி?"

"ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒவ்வொரு வீடு இருக்கே சார், அதை என்ன பண்றது?"

அவர் சிரித்தார். எனக்கு ஏறிவிட்டது. "சரி, நீங்க சொல்லுங்க. குவாரிக்கு என்ன மீனிங்?" என்று கத்தினேன். மனிதர் என்ன செய்தார் தெரியுமா? மேஜை மேலிருந்த கலர் புத்தகத்தை எடுத்துப் பக்கம் புரட்டினார்! புத்தகத்தைப் பார்க்காமல் சொல்லுங்கள் என்று இன்னும் உரக்கக் கத்தினேன். வாட்ச்மேன் வந்தது அப்போதுதான். யூசுப்பின் பெயர் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. நூர்ஜஹான் என் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். விழுங்கிக்கொண்டேன்.

கடைசியில் இறங்கி வந்தார். திங்கட்கிழமை மறுதேர்வு. "ஆனா புக்குல இருக்குறபடி எழுதணும் மேடம். வேர்ட் பை வேர்ட்."

ஏதோ ஜெயித்துவிட்ட மாதிரிதான் படியிறங்கினேன். கேட்டைத் தாண்டியதும் நூர்ஜஹான் நின்றாள். "அக்கா, நீங்களே புக்க புடிச்சிகினு அவள கேளுங்க. அவ சொல்றது செரியா தப்பான்னு எனக்குத் தெரியாது. ஆனா இந்த தபா புக்குல கீறத மட்டும் சொல்லிக் குடுங்க... உங்க பேச்சு வாணாம்."

கோபமாகச் சொல்லவில்லை. கெஞ்சினாள். எனக்குச் சுருக்கென்று தைத்தது.

பிடித்தேன். சனி, ஞாயிறு இரண்டு நாளும் அந்த வழவழப் புத்தகத்தைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். அஃப்ரீன் "ரேஷன் கடை" என்று ஆரம்பித்தால், "ம்ஹும், அதை விடு" என்றேன். குவாரி வந்தபோது தயங்கினாள். "கடைசியில, குளிக்கப் போகக் கூடாதுன்னு ஒரு லைன் மட்டும் சேத்துக்கட்டுமா ஆன்ட்டி?"

"கூடாது" என்றேன்.

பிரின்சிபல் இல்லை, டீச்சர் இல்லை... நான் சொன்னேன். புரிந்ததை எழுதுவதுதான் படிப்பு என்று சொன்ன அதே வாய்! அந்த மனிதரிடம் கத்தியதில் பாதியை எனக்கு நானே கத்திக்கொண்டிருக்க வேண்டும்.

செவ்வாய்க்கிழமை ரிசல்ட். இருபதுக்கு இருபது. ஏ செக்‌ஷன் உறுதி.

நூர்ஜஹான் ஒரு கிண்ணம் நிறைய சேமியா பாயசத்தோடு வந்தாள். அஃப்ரீன் கையைக் கட்டிக்கொண்டு, இருபது வார்த்தைகளையும் எங்கேயும் நிற்காமல் ஒப்பித்தாள். குவாரியில் இம்முறை தயங்கவே இல்லை. மகளின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தவளுக்கு அந்த ஒரு வார்த்தை மட்டும் தெரிந்த வார்த்தை.

"குவாரின்னு சொன்னாளே... அதுக்கு இன்னாக்கா போட்டுகீது புக்குல?"

"கட்டடத்துக்குக் கல் எடுக்கிற இடம்."



"அவ்ளோதானாக்கா?"

அவ்வளவுதான் நூர்ஜஹான். அதற்குத்தான் மார்க்.