பிரிக்காத கவர்

டீ கிளாஸில் ஐஸ் போட்டு, ஒரு பிடி கல்லுப்பும் போட்டு, உறைபனிப் பெட்டியின் கம்பி நுனியை அதற்குள் முக்குகிறார் குகன். பாதரச வெப்பமானி மைனஸ் இரண்டு காட்டுகிறது. பெட்டி அனுப்பும் எண் கணினித் திரையில் 388. எழுதிக்கொள்கிறார். அடுத்த நிமிடம் அதே குளிருக்கு 951 வருகிறது. "இந்தப் பொழப்புக்குக் கிளி ஜோசியம் பாக்கலாம்" என்று கிளாஸைத் தள்ளிவைக்கிறார். கொடைக்கானலில் அவருடைய மாடி அறையில் இரண்டு மாதமாக இதே கூத்துதான்.

குகன் எழுதும் மென்பொருளை யாரும் எடுக்கலாம், திருத்தலாம். இணையத்தில் இலவசமாகவே போட்டுவிடுவார். மேல்மலையில் இருக்கும் போளூர்க்காரர்கள் உருளைக்கிழங்கு வயலில் உறைபனியை முன்கூட்டிச் சொல்லும் பெட்டிகளை வாங்கி நட்டிருந்தார்கள். விற்ற கம்பெனி செயலியை நிறுத்திவிட்டது. பெட்டி இன்னும் எண்களை அனுப்புகிறது. எந்த எண்ணுக்கு எத்தனை டிகிரி, நிமிடத்துக்கு நிமிடம் அது எப்படி மாறும் என்ற விவரம் மட்டும் கம்பெனியின் பூட்டுக்குள் இருக்கிறது.

கம்பெனிக்குப் பதினேழு கடிதம் போட்டார் குகன். காசு கொடுத்து வாங்கியவனுக்குத் தன் பொருள் என்ன சொல்கிறது என்று அறிய உரிமை இல்லையா என்பதுதான் எல்லாவற்றிலும் கேள்வி. "தங்கள் ஆர்வத்துக்கு நன்றி" என்று பதில் வரும். அந்த நன்றியைக் கண்டாலே அவருக்குப் பற்றிக்கொண்டு வரும். வக்கீல் தேவசேனாவோ, "குடுத்தே ஆகணும்னு சொல்ல நேரடியா சட்டம் இல்ல குகன். நீங்களா சோதிச்சுக் கண்டுபிடிங்க" என்று சொல்லிவிட்டார்.

நேற்று கூரியரில் விவரம் வந்தேவிட்டது, ஒட்டி முத்திரையிட்ட கவரில். பிரித்தாலே ரகசியம் காக்கும் ஒப்பந்தத்தை ஏற்றதாகுமாம். இதை வைத்து எழுதும் மென்பொருளை வெளியிடக் கூடாதாம்.

போளூரிலிருந்து வந்திருந்த தங்கமுத்து கவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வியாழக்கிழமை பனி எறங்கும்ங்கிறாங்க தம்பி. நட்ட கெழங்கு பூராம் வயல்ல கெடக்கு. எந்நேரம் எறங்கும்னு பெட்டி சொன்னாத்தான முன்னாடியே தண்ணி பாய்ச்ச முடியும். பிரிச்சாத்தான் என்ன, எவன் பாக்கப் போறான்?"

"பிரிச்சா உங்களுக்கு மட்டும் ஒளிச்சு செஞ்சு தரலாம்ண்ணே. நாளைக்கு அது மக்கர் பண்ணா நான்தான் வரணும், வேற ஒருத்தர் தொட முடியாது. அப்புறம் அந்தக் கம்பெனிக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்?"

"உங்க ஞாயம் என் கெழங்கக் காப்பாத்துமா?"

நியாயமான கேள்விதான். அதனால்தான் குகனுக்குக் கோபம் இன்னும் கூடியது. சட்டென்று கவரைக் கையில் எடுத்தார். தங்கமுத்து நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

குகன் புது ஐஸ் போட்டார், உப்புப் போட்டார், கம்பியை இறக்கினார். குளிர் போகாமலிருக்கக் கவரைக் கிளாஸுக்கு மூடியாக வைத்துவிட்டுப் பேனாவைத் தங்கமுத்துவிடம் நீட்டினார்.

"நான் சொல்லச் சொல்ல எழுதுங்கண்ணே. வெரசா."