அரை விரல்

கஸ்பாருக்கு மூக்கையா பத்தாயிரம் ரூபாய் பாக்கி. பத்திரம் கிடையாது, சாட்சி கிடையாது. அய்யலூர் ஆட்டுச் சந்தையில் துண்டுக்கு அடியில் முளைத்த பாக்கி அது. இருபத்தேழு வருடமாக அப்படியே கிடந்தது.

மூக்கையா சாதாரண ஆளில்லை. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு ஒரு கும்பிடு போட்டவர். ஒற்றை வெள்ளாட்டுக் குட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு சந்தைக்குள் நுழைந்தவர், இன்றைக்கு இரண்டு லாரி, திண்டுக்கல்லில் மாடி வீடு, கன்னிவாடிப் பக்கம் தென்னந்தோப்பு என்று நிமிர்ந்து நிற்கிறார். கிடாயைக் கண்ணால் பார்த்தே கறி எத்தனை கிலோ தேறும் என்று சொல்லிவிடுவார். தராசில் ஏற்றினால் கால் கிலோ முன்னே பின்னே இருக்காது. யாரிடமும் ஒரு டீகூட ஓசியில் குடித்ததில்லை என்று அவரே எல்லோரிடமும் சொல்லுவார். இந்தப் பத்தாயிரத்தை மட்டும் யாரிடமும் சொன்னதில்லை.

கஸ்பார் அவருடைய கூட்டாளி. அந்தமானில் கொத்தனார் வேலை கிடைத்து, முப்பத்தோரு ஆட்டையும் மொத்தமாக விற்றுவிட்டுப் பெண்டாட்டி பிள்ளையோடு கப்பலேறப் பார்த்தார். சந்தையில் விலையை வாயால் பேசுவதில்லை. விற்கிறவன் கைமேல் துண்டைப் போட்டு, அதற்கு அடியில் வாங்குகிறவன் அவன் விரல்களைப் பிடிப்பான். அன்றைய பேரத்தில் விரலுக்குப் பத்தாயிரம். மூக்கையா நான்கு விரலைப் பிடித்தார். கஸ்பார் தலையாட்டினார். ஆடுகள் லாரியில் ஏறிய பிறகு மூக்கையா முப்பதாயிரத்தை எண்ணி நீட்டினார். கஸ்பாரின் வலது சுண்டுவிரல் சின்ன வயதிலேயே அரிவாளில் பாதி போனது. அதுதான் வசதியாகப் போயிற்று.

"நா பிடிச்சது மூணு வெரலு. ஒன் அரை வெரலு தானா வந்து ஒட்டிக்கிச்சு. அரை வெரலுக்கெல்லாம் ரூபா கெடையாது மாப்ளே."

சந்தை சிரித்தது. துண்டுக்கு அடியில் நடந்ததற்கு இரண்டு கைகளைத் தவிர யார் சாட்சி? விற்றவன் பணத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டால்தான் அங்கே பேரம் முடிந்ததாகக் கணக்கு. கஸ்பார் ஒற்றவில்லை. சட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டு நடந்துவிட்டார். கையில் இருந்த காசுக்கு ஓர் ஆள்தான் போக முடிந்தது. அடுத்த வருடம் அழைத்துக்கொள்கிறேன் என்று பெண்டாட்டி பிள்ளையைக் கன்னிவாடியில் விட்டுப் போனார். அடுத்த வருடம் வருவதற்குள் மஞ்சள் காமாலையில் அவள் போய்ச் சேர்ந்தாள். நாலு வயது மகள் ஆனந்தமேரியை ஒரு சித்தி கொண்டுபோய்த் தீவில் விட்டாள்.

அந்தச் சாவுக்கு மூக்கையா மாலை வாங்கிப் போனார். வந்திருந்ததிலேயே பெரிய மாலை.

போன மாதம் சந்தையில் சேதி வந்தது. கஸ்பாருக்குப் பக்கவாதம். இடது பக்கமும் பேச்சும் போய்விட்டன, நாள் தாங்காது என்றார்கள். அன்றிலிருந்து மூக்கையாவுக்குச் சோறு இறங்கவில்லை. கஸ்பார் அந்தப் பணத்தை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொள்வதைப் பார்த்துவிட வேண்டும். அவர் வீட்டில் ஒரு ராத்திரி படுத்து எழுந்து வர வேண்டும். வேறு ஒன்றும் வேண்டாம்.

நம்பர் வாங்கி ஆனந்தமேரிக்குப் போன் போட்டார். வாரேன் தாயி என்றதும் அவள் கேட்டாள்.

"எங்க தங்குவீங்க மாமா?"

மூக்கையாவுக்கு நெஞ்சில் அறைந்த மாதிரி இருந்தது. நம் பக்கம் கேட்காத கேள்வி அது. சொந்தமோ பழக்கமோ, வருகிற ஆளிடம் வீட்டுக்கு வாங்க என்பார்கள். எங்கே தங்குவீர்கள் என்றால், இங்கே இல்லை என்று பொருள்.

"எனக்கென்ன தாயி, பெரிய ஓட்டலாவே போட்டாச்சு" என்றது வாய். ஒன்றும் போட்டிருக்கவில்லை.

மறுநாள் திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் முகமது பாரூக்கின் டிராவல்ஸ் கடையில் போய் உட்கார்ந்தார். சென்னையிலிருந்து கப்பல் என்றால் மூன்று நாள், ப்ளேன் என்றால் மூன்று மணி நேரத்துக்குள் என்றார் பாரூக். கஸ்பார் கப்பலில் போனான், நான் ப்ளேனில் போகிறேன் என்று பணத்தை எடுத்து வைத்தார். தங்குவதற்குக் கஸ்பார் இருக்கும் போர்ட் பிளேயர் பஜாரிலேயே லாட்ஜ் இருந்தது, நாளுக்கு ஆயிரத்து இருநூறு. இன்னொரு தீவில் கடலைப் பார்த்த குடில், ஒன்பதாயிரம். பாரூக் போனில் அதன் தென்னைமரங்களைக் காட்டினார்.

"என் தோப்புல இதவிட நல்ல மரம் நிக்கிது அப்பு. இருந்தாலும் ஒசத்தியானதையே போடு."

அது வேறு தீவு, படகில் இரண்டு மணி நேரம் ஆகும் என்று பாரூக் இரண்டு தடவை சொன்னார். மூக்கையா காதில் வாங்கவில்லை. பெரிய ஓட்டல் என்று சொன்ன வாய்க்குப் பெரிய ஓட்டல் வேண்டும்.

போய் இறங்கிய அன்றே படகில் கூட்டிப்போய் அந்தக் குடிலில் விட்டுவிட்டார்கள். கட்டிலில் உட்கார்ந்தால் காலடியில் கடல். கஸ்பார் தண்ணீருக்கு அந்தப் பக்கம். காலையில் முதல் படகுக்குப் போய்விடலாம் என்று பார்த்தால், காற்று அதிகம், படகு கிடையாது என்றார்கள். மறுநாளும் அதையே சொன்னார்கள். சுற்றிலும் கல்யாணமான புதுசுகள் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். வேட்டியை மடித்துக் கட்டிய ஒரு கிழவர் மட்டும் படகுத்துறைக்கும் குடிலுக்குமாக நடந்துகொண்டிருந்தார். போனிலும் சிக்னல் இல்லை. நாளுக்கு ஒன்பதாயிரம் கொடுத்துச் சிறை இருந்த ஆள் அந்தத் தீவிலேயே அவர் ஒருவர்தான்.

நான்காம் நாள் மதியம் கஸ்பாரின் வீட்டைக் கண்டுபிடித்தார். மேட்டில் தகரக்கூரை வீடு. கஸ்பார் ஜன்னலோரக் கட்டிலில் கிடந்தார். பக்கத்தில் இன்னொரு கட்டில், புது விரிப்பு, மடித்த போர்வை. யாரும் படுத்த அடையாளம் இல்லை.

ஆனந்தமேரி அதைப் பார்த்தபடி சொன்னாள். "ஒங்களுக்குத்தான் மாமா. அப்பா கையக் காட்டிக் காட்டிப் போடச் சொன்னாரு. நீங்க ஓட்டல் போட்டாச்சுன்னதையும் சொன்னேன். எடுக்க விடல."

"நீதான தாயி எங்க தங்குவீங்கன்னு கேட்ட?"

"இங்க ஊர்லருந்து யாரு வந்தாலும் அப்படித்தான் மாமா கேப்போம். ரூம் போடலைன்னா வீட்டுக்குக் கூட்டிட்டு வரத்தான்."

மூக்கையா தரையில் உட்கார்ந்தார்.

"மூணு நாளா வாசலையே பாத்துட்டு இருந்தாரு. நேத்து மறுபடி வாதம் வந்துருச்சு. இப்ப இந்த வலது கையும் இல்ல. ஆளும் தெரியல."

மூக்கையா தோள் துண்டை எடுத்துக் கஸ்பாரின் வலது கைமேல் போட்டார். அடியில் கையை விட்டார். மூன்று விரலைப் பிடித்தார். பிறகு அந்த அரை விரலையும் சேர்த்து இறுக்கினார்.

"நாலு மாப்ளே. அன்னைக்கும் நாலுதான்."

கஸ்பாரின் கண் கூரையிலேயே இருந்தது. மூக்கையா மடியை அவிழ்த்து, வட்டியோடு கொண்டுவந்திருந்த ஒரு லட்சத்தை எடுத்தார். ஆனந்தமேரி வேண்டாம் என்று தலையாட்டினாள்.

"பத்துதான் மாமா. பேச்சு இருக்கையிலேயே சொல்லி வச்சிருக்காரு. மூக்கையா ஒருநா கொண்டாருவான், பத்துக்கு மேல வாங்காதன்னு."

அவள் துண்டை எடுத்தாள். அப்பாவின் கையை மல்லாத்தி, மடங்கிக் கிடந்த விரல்களை ஒவ்வொன்றாக விரித்துவிட்டாள், அரை விரலையும். மூக்கையா ஐநூறு ரூபாய்த் தாள்களை ஒவ்வொன்றாக அந்த உள்ளங்கையில் வைத்தார், வாய்விட்டு எண்ணியபடி. அன்றைக்குச் சந்தையில் சிரித்தவர்களுக்கெல்லாம் கேட்கட்டும் என்பது போல எண்ணினார். கடைசித் தாளையும் வைத்தார்.

"இருபது."

கண்ணில் ஒற்றிக்கொள்ள அந்தக் கை எழவில்லை. விரித்தது விரித்தபடியே கிடந்தது.