முதிரைக் கட்டை

அஸர் தொழுதுவிட்டு நானும் மனைவியும் கடற்கரையோரம் நடப்பது கல்யாணமான நாளிலிருந்தே வழக்கம். நான் மரக்காலையில் இருபது வருடம் பலகை அறுத்தவன். எந்த மரத்தைப் பற்றியும் என்னிடம் ஒரு தீர்ப்பு இருக்கும். தாழம்புதரில் பாம்பிருக்கும் என்று அவள் ஒதுங்கினால், நான் தாழையின் விழுதைப் பற்றித் தொடங்குவேன். இராவணன் மீசை காலில் குத்தி நின்றாளென்றால், அந்தப் புல் இல்லாவிட்டால் மணலெல்லாம் ஊருக்குள் வந்துவிடும் என்பேன்.

"ஓம், ஓம். மரத்துக்கெல்லாம் நீங்கதான் வாப்பா" என்பாள். அந்த மண்டைக்கனம்தான் என்னைக் கெடுத்தது.

ஊருக்குள் கடல் வந்துபோன மறுநாள் பின்னேரம் அவள் உடலைக் கண்டெடுத்தோம். மையவாடியில் தண்ணீர் நின்றது. அதனால் பள்ளிக்குப் பின்னாலிருந்த மணல்மேட்டில், கிடைத்த இடத்தில் குழி வெட்டி அடக்கினார்கள். அடக்கியதும் தலைமாட்டில் மீசான்கட்டை நடுவது எங்கள் வழக்கம், பிறகு வந்து ஓத இடம் தெரியவேண்டுமே. அன்றைக்குக் கல்லுக்கும் சீமெந்துக்கும் எங்கே போவது? பக்கத்து வீட்டுக்காரர், விழுந்து கிடந்த பூவரசில் பச்சைக் கிளை ஒன்றை வெட்டித் தன் மனைவிக்கு நட்டார். மற்றவர்களும் அதிலேயே வெட்டினார்கள். எனக்கும் ஒன்று நீட்டினார்.

"பச்சைக் கம்பு என்னத்துக்கு? உப்புத்தண்ணி குடிச்ச மண்ணுல மூணு மாசத்துல உக்கிப் போகும்" என்று அவர்மேல் எரிந்து விழுந்தேன். யார்மேலாவது எரிந்து விழவேண்டியிருந்தது. என் வீடு இருந்த இடத்துக்குப் போய், உடைந்த வாசல் நிலையை இழுத்துவந்தேன். முதிரை. கறையான் கிட்ட வராது. அதில் ஒரு துண்டை அறுத்து அவள் தலைமாட்டில் இறக்கினேன். அத்தனை கம்புகளிலும் என்னுடையதுதான் உருப்படி என்று நினைத்தேன். அந்த நேரத்திலும் அப்படித்தான் நினைத்தேன்.

பிறகு சம்மாந்துறையில் தங்கச்சி வீட்டோடு போய்விட்டேன். எனக்குக் கடலைப் பார்க்கவே வெறுப்பு. வருடங்கள் போயின. யுத்தம் முடிந்து தெருவில் வெடி கொளுத்திய கிழமை, ஆளாளுக்குப் போகாத இடங்களுக்கெல்லாம் போய்வந்தார்கள். நான் மட்டும் அவளிடம் போகாதது வெட்கமாக இருந்தது. வெள்ளிக்கிழமை நானும் பஸ் ஏறினேன்.

மணல்மேட்டில் நட்ட பச்சைக் கம்பெல்லாம் வேர்பிடித்து, என் தலைக்கு மேலே வளர்ந்து, மஞ்சளாய்ப் பூத்து நின்றன. பூவரசு உப்பைத் தாங்கும் என்பது அந்தக் கரையிலேயே நடந்து திரிந்தவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். நான் அறுத்த மரத்தை மட்டும்தான் அறிந்திருந்தேன். என் கட்டையைக் காணவில்லை. மரங்களுக்கு நடுவே குழிமேடுகள் காற்றில் மட்டமாகி, அடம்பன்கொடி படர்ந்து கிடந்தது.

பக்கத்து வீட்டுக்காரரும் ஓத வந்திருந்தார். "அந்தக் கட்டைய, சனமெல்லாம் முகாம்ல கிடந்த நாள்லயே ஆரோ விறகுக்குப் புடுங்கிட்டாங்க, காக்கா. காஞ்ச மரந்தானே. பச்ச மரத்துல ஆரும் கை வைக்கல்ல."

"எந்த இடம் எண்டு உங்களுக்கு நினைவிருக்கா?"

அவர் அங்கும் இங்கும் பார்த்துவிட்டுத் தலையாட்டினார், இல்லையென்று. "இங்கால வாங்க. எங்கட மரத்துக்குக் கீழ நிண்டு ஓதுங்க."

செருப்பைக் கழற்றினேன். அவருடைய மரத்துக்கு நாலு எட்டுத்தான் இருந்தது. அதில் எந்த எட்டு அவள்மேல் விழும் என்று எனக்குத் தெரியவில்லை.