மேற்கு யன்னலில் நான்கு ஆணிகள்

அந்த யன்னலில் நான்கு ஆணிகள் இருக்கின்றன. மூன்று நேராக இறங்கியவை. நான்காவது வளைந்து, பாதி வெளியே நிற்கிறது. அடித்தவன் நான். போன மாதம் புளியந்தீவுப் பக்கம் போனபோது பார்த்தேன். கட்டடம் இப்போது அரிசி மூட்டை அடுக்கும் இடமாகிவிட்டது. அந்த யன்னலை மட்டும் இன்னும் யாரும் திறக்கவில்லை. வளைந்த ஆணியைக் கண்டதும் வந்த கோபத்தில்தான் இதை எழுதுகிறேன். நயமாக எழுத எனக்கு வராது.

இரண்டாவது உலக யுத்தத்துக்கு முந்திய வருடங்களில் அது ஓர் ஆங்கிலேய வைன் வியாபாரியின் கிட்டங்கி. நான் அங்கே கணக்கும் கடிதமும் எழுதும் கிளாக்கர். துரையின் பாட்டன், பூட்டன் எல்லோரும் லண்டனில் இதே வியாபாரம் செய்தவர்களாம். அவர்கள் நாட்டில் சொல்லும்படி திராட்சை விளையாது. போர்த்துக்கல்காரனும் பிரெஞ்சுக்காரனும் கொடி நட்டு, பழம் மிதித்து, சாறு எடுப்பார்கள். இவர்கள் அதைக் கப்பலில் ஏற்றி, லேபலில் தங்கள் குடும்பப் பெயரை அச்சடித்து, உலகமெல்லாம் விற்பார்கள். கொழும்பிலிருந்து ரயிலில் பீப்பாயாக வருவதை நாங்கள் போத்தலில் அடைத்து, தென்னந்தோட்டத் துரைமாருக்கும் கிளப்புக்கும் அனுப்புவோம். அடைத்தது யார் என்று எந்த லேபலிலும் இருக்காது.

அடைத்தவர் ஏறாவூர் மனிதர். முஸ்லிம்கள் அண்ணனைக் காக்கா என்பார்கள்; இவரை நாங்கள் போத்தல் காக்கா என்போம். அவருக்கு முன் அந்த வேலையில் இருந்த இரண்டு பேரும் பீப்பாயடியிலேயே குடித்து வெறித்துக் கிடந்தவர்கள். அதனால் துரை தேடிப் பிடித்து ஒரு முஸ்லிமை வைத்தார். வரும் விருந்தாளிகளிடமெல்லாம் காக்காவைக் காட்டி, "இவனுடைய மார்க்கம்தான் என் பூட்டு" என்று சொல்லிச் சிரிப்பார். காக்கா வாவியில் தோணி தள்ளிப் பிழைத்தவர்; அது உடைந்து, வேறு வழியில்லாமல் இங்கே வந்தவர். ஊரில் அவரைப் பார்த்து முணுமுணுத்தார்கள். "கை மட்டும்தான் தம்பி இங்க வேல செய்யுது. வாயையும் மூக்கையும் ஊட்டுல வெச்சிட்டுத்தான் வாறன்" என்பார். மூக்கை வீட்டில் வைக்க முடியுமா? வாடை பொறுக்காமல், காலையில் வந்ததும் வாவிப் பக்கத்து மேற்கு யன்னலை விரியத் திறந்துவிடுவார். பொழுதுபடும்வரை அது திறந்தே கிடக்கும். துரை அதை நூறு தரம் பார்த்தவர். ஒரு சொல் சொல்லவில்லை. குடிக்காதவனுக்கு வைனைப் பற்றி என்ன சொல்லிக்கொடுப்பது என்ற எண்ணம்.

அந்த வருடம் கச்சான் காற்று கடுமை. மேற்கிலிருந்து அடிக்கும் அந்தக் காய்ந்த காற்றில் வயல் வட்டைகளெல்லாம் வெடித்துக் கிடந்தன. பீப்பாய்ப் பலகை எம்மாத்திரம்? மாதக்கணக்கில் கிடந்த ஒரு பீப்பாயைத் துரை திறந்து கோல் விட்டுப் பார்த்தபோது ஒரு சாண் குறைந்திருந்தது. எல்லோரையும் கூப்பிட்டார். காக்காவை நடுவில் நிறுத்தி, வாயைத் திறந்து ஊதச் சொன்னார். ஐம்பது வயது மனிதர். ஊதினார். அந்த வாயில் வெற்றிலை வாசம் தவிர வேறொன்றும் இருந்திருக்காது. ஆனால் நாள் முழுக்க வைன் ஊற்றுகிறவரின் சாரனில் வைன் மணக்காமல் என்ன மணக்கும்? துரை மூக்கைப் பொத்திக்கொண்டு, நாறுகிறது என்றார்.

"எங்களுக்கும் ஒரு சொட்டு வெச்சிருக்கலாமே காக்கா" என்றான் வண்டில்காரன். சிரித்தார்கள். நானும் பல்லைக் காட்டினேன். காக்காவை அந்த இடத்திலேயே வேலையால் நிறுத்தினார்கள்.

அன்று பின்னேரம் துரை சுத்தியலையும் ஆணியையும் என் கையில் தந்து, மேற்கு யன்னலைச் சாத்தி அறையச் சொன்னார். காய்ந்த காற்றுப் பட்டால் மரத்தினூடாகவே வைன் வற்றிப்போகும் என்றும், அது தன் பாட்டன் காலத்திலிருந்தே இந்த வியாபாரத்தில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி என்றும் சர்வசாதாரணமாகச் சொன்னார். நான்காவது ஆணி வளைந்தது அப்போதுதான். அடுத்த நாள் லண்டனுக்குப் போன கடிதத்தில், வேலைக்காரன் குடித்துவிட்டான் என்று எழுதினார். யன்னலைக் கவனிக்காமல் விட்டது தன் பிழை என்று எழுதுவாரா? அந்தக் கடிதத்தைப் பிரதி எடுத்தவனும் நான்தான்.

மூன்றாம் நாள் காக்கா ஓர் இரவல் தோணியில் கிட்டங்கியின் பின்பக்கம் வந்தார். என்னைக் கைகாட்டி வாவிக் கரைக்குக் கூப்பிட்டார். பள்ளிவாசல் நிர்வாகம் பார்க்கும் மரைக்கார்மார் அவரை விசாரணைக்கு அழைத்திருந்தார்கள்.

"வெள்ளிக்கிழம ஜும்ஆ முடிய வரச் சொல்லியிருக்காங்க தம்பி. வேல போனாப் போகட்டும். குடிகாரன் எண்ட பேரோட நான் எப்பிடிப் பள்ளிக்குள்ள கால் வெப்பன்? கூட நிண்டவர் நீங்க. ஒரு சொல்லுச் சொன்னாப் போதும்."

"பாப்பம் காக்கா" என்றேன்.

அப்போதுதான் அவர் கண் யன்னலில் பட்டது. "ஏன் தம்பி, அத அறஞ்சி வெச்சிருக்கீங்க?"

"மழ வரும் எண்டு."

அவர் தலையை உயர்த்தி வானத்தைப் பார்த்தார். ஒரு முகில் இல்லை. பிறகு என் முகத்தைப் பார்த்தார். கம்பை ஊன்றித் தோணியைத் திருப்பினார்.

வெள்ளிக்கிழமை நான் போகவில்லை. இரண்டு பிள்ளைகள், இந்த வேலையை விட்டால் வேறில்லை என்று அன்று எனக்கு நானே சொல்லிக்கொண்டவை இன்று எழுதக் கூசுகின்றன. அதற்குப் பிறகு காக்காவை எந்தக் கலியாண வீட்டுக்கும் சொல்லாமல் விட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். ஒரு வருடத்துக்குள் குடும்பத்தோடு ஊரை விட்டே போய்விட்டார். எங்கே என்று விசாரிக்கவும் எனக்கு முகமில்லை. துரை யுத்தம் முடிந்ததும் மாலை மரியாதையோடு கப்பலேறினார். அவரைத் திட்டாத நாளில்லை. திட்டுவது சுகமாகத்தான் இருக்கிறது. ஆனால் சுத்தியல் இருந்தது என் கையில்.

போன மாதம் அங்கே நின்ற காவல்காரனிடம், அந்த ஆணிகளைக் கழற்றலாமா என்று கேட்டேன்.

"அத ஏன் ஐயா கழட்டுவான்? ஆரோ மழைக்கு அடிச்சு வெச்சது" என்றான்.

எங்கள் ஊருக்கு மழை கிழக்கே, கடல் பக்கமிருந்துதான் வரும்; மேற்கு யன்னலை மழைக்கு அறைய வேண்டியதில்லை. தோணி தள்ளிப் பிழைத்த மனிதருக்கு அன்று அது தெரியாதா?