எர்த் குழிக்கு ஒரு குடம் தண்ணீர்

படித்துவிட்டு "சும்மா கதை விடுறாங்க" என்று சொல்கிறவர்கள் தாராளமாகச் சொல்லிக்கொள்ளுங்கள். என் மகள் இன்றைக்கும் இரும்புக் குழாயை வெறுங்கையால் தொட மாட்டாள். துணியைச் சுற்றிக்கொண்டுதான் திறப்பாள். பக்கத்தில் இருந்து பார்த்தவள் நான். பேய் என்றால் ராத்திரிதான் வரும் என்று யார் சொன்னது? எங்களுக்கு வந்தது நல்ல வெயிலில், துணி காய்கிற நேரத்தில்.

அப்போது மகளுக்கு எட்டாவது மாதம். அதற்கு முன்னால் ஒன்று தங்காமல் போயிருந்தது. அதனால் டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். கனம் தூக்கக் கூடாது, படி ஏறக் கூடாது, முக்கியமாக எதற்கும் பதறக் கூடாது. மாப்பிள்ளைக்குக் கப்பலில் வேலை. படி இல்லாத தரைவீடாகப் பார்த்து வாடகைக்குப் பிடித்துக் கொடுத்துவிட்டுக் கிளம்பிவிட்டார். துணைக்கு நான் வந்து சேர்ந்தேன். இந்தப் பிள்ளையாவது நல்லபடியாக வெளியே வரவேண்டுமே என்பதுதான் எனக்கு அப்போது இருந்த ஒரே நினைப்பு.

வந்த மறுநாளே குளியலறைக் குழாயைத் திறந்தபோது விரலில் சுருக்கென்றது.

"குழாய்ல கரண்ட் அடிக்குதுடி."

"உனக்கு வயசாயிடுச்சும்மா. நரம்பு இழுக்கும்."

கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து "ஆ!" என்று ஓர் அலறல்.

"என்னடி, உனக்கும் நரம்பு இழுக்குதா?" என்றேன். சிரித்தேனே தவிர, ஓடிப்போய்க் குளியலறைக் கதவைத் தட்டினேன். அவள் வயிற்றில் பிள்ளை இருக்கிறதே!

எலக்ட்ரீஷியன் தம்பியைக் கூப்பிட்டோம். சட்டைப் பையில் பேனாவுக்குப் பதிலாக டெஸ்டர் செருகியிருக்கும் ஆள். குழாயில் வைத்தார், டெஸ்டருக்குள் சிவப்பாக எரிந்தது. பக்கத்தில் இருந்த வாஷிங் மெஷினில் வைத்தார், அதிலும் எரிந்தது.

"பாடியில கரண்ட் நிக்குதும்மா."

"பாடியா? யாரோட பாடி?"

"ஐயோ, மெஷினோட பாடிம்மா! வெளிய இருக்கிற தகரம்." வாசலில் நின்ற தன் ஸ்கூட்டரைக் காட்டினார். "வண்டின்னா அந்தப் பாடிதான் எர்த்து. பாட்டரி வயரைக் கொண்டுபோய் அதுலயே முடுக்கிடுவோம். வீட்டுக்கு மண்ணுதான் எர்த்து. கசியிற கரண்டு கம்பி வழியா மண்ணுக்குள்ள போயிடணும். மண்ணு காஞ்சு கெடந்தா போக வழியில்லாம நம்ம மேல ஏறும்."

கொல்லைப்புறம் போய்ப் பார்த்தார். மதில் ஓரமாக ஒரு எர்த் குழி இருந்தது. சிமென்ட் வளையம், மேலே ஒரு மூடி, உள்ளேயிருந்து தடிமனான செம்புக் கம்பி ஒன்று கிளம்பி வீட்டுச் சுவருக்குள் போனது.

"பாருங்க, வறண்டு கெடக்கு. தினம் ஒரு குடம் தண்ணி ஊத்துங்க, சரியாப் போயிடும்."

என் மாமியாருக்குக்கூட நான் தினம் தவறாமல் தண்ணீர் மொண்டு கொடுத்ததில்லை. எர்த்துக்குக் கொடுத்தேன்.

முதல் நாள் ஊற்றியபோதே காதில் பட்டது. காய்ந்த மண்ணில் தண்ணீர் விட்டால் 'சொர்ர்' என்று இழுக்கும், இல்லையா? இது அப்படி இல்லை. மடக்… மடக்… மடக்… நடுவில் கொஞ்சம் நிறுத்தி, மறுபடியும் மடக்… மடக். உள்ளே காற்று அடைத்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆனால் அன்றோடு ஷாக் நின்றுவிட்டது. எலக்ட்ரீஷியன் தம்பிக்குப் போன் போட்டுப் பாராட்டினேன். "சொன்னேன்ல?" என்றார்.

பிறகுதான் ஒவ்வொன்றாகக் கண்ணில் பட்டது. ஒருநாள் இடுப்பு வலித்ததால் அரைக்குடம்தான் ஊற்றினேன். அன்று குழாயில் லேசாக ஒரு சுருக். இன்னொரு நாள் குடத்தோடு கொல்லைக் கதவைத் திறந்தேன். காற்று அசையவில்லை, கொடியில் துணி அசையவில்லை. செம்புக் கம்பி மட்டும் கிடுகிடுவென்று ஆடிக்கொண்டிருந்தது.

குழியைச் சுற்றி மண்ணில் கோடுகள் இருந்தன. ஒவ்வொரு இடத்திலும் ஐந்தைந்து. நாய் பிராண்டியிருக்கும் என்றேன். அந்த மதிலுக்குள் நாய் வர வழியே கிடையாது.

மகளிடம் மூச்சு விடவில்லை. பதறக் கூடாதே.

அப்புறம் அந்த நாள். தெருவில் குழாய் உடைந்து தண்ணீர் வரவில்லை. லைனில் ஏதோ வேலை என்று காலையிலிருந்தே தெரு முழுக்கக் கரண்டும் இல்லை. வீட்டில் இருந்தது ஒரே ஒரு குடம் குடிதண்ணீர். பிள்ளைத்தாய்ச்சி குடிக்க வேண்டிய தண்ணீர். அதை எடுத்து மண்ணில் கொட்ட எனக்கு மனசு வரவில்லை. கரண்டே இல்லாதபோது எர்த் எதற்கு என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

மணி மூன்றரை இருக்கும். விசிறியால் விசிறிக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்திருந்தேன்.

கொல்லையில் ஒரு சத்தம்.

டொக்… டொக்… டொக்…

குழியின் மூடி.

எழுந்திருக்கப் பார்த்தேன். அதற்குள் குளியலறையிலிருந்து குரல்.

"அம்மா…"

கத்தவில்லை. மெல்லக் கூப்பிட்டாள். அதுதான் எனக்கு அதிகமாகப் பயமாக இருந்தது.

ஓடினேன். தண்ணீர் வந்துவிட்டதா என்று பார்க்கக் குழாயைத் தொட்டிருக்கிறாள். கை அதிலேயே இருந்தது. முகம் வெளுத்திருந்தது.

"விட முடியலம்மா."

மெயின் சுவிட்சை இறக்கினேன். அது இருந்தாலும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான். தெருவுக்கே கரண்ட் இல்லையே!

"கரண்ட் இல்லடி! கையை எடு!"

"கரண்ட் இல்லம்மா…"

"பின்ன?"

"புடிச்சிருக்கு…"

"எது?"

"கை."

நான் எந்தக் கையையும் பார்க்கவில்லை. அவள் மணிக்கட்டைத்தான் பார்த்தேன். அங்கே தோல் உள்ளே அமுங்கியிருந்தது. அமுங்கிக்கொண்டே போனது.

டொக்… டொக்… டொக்டொக்டொக்…

குடத்தைத் தூக்கினேன்.

கொல்லைக்கு ஓடினேன்.

மூடி விலகிக் கிடந்தது.

கவிழ்த்தேன்.

மடக்… மடக்… மடக்… மடக்…

நிறுத்தவே இல்லை.

கடைசிச் சொட்டு.

பிறகு… ஒரு பெருமூச்சு.

உள்ளே மகள் தொப்பென்று உட்காரும் சத்தம் கேட்டது.

ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டரம்மா வயிற்றில் கருவியை வைத்துத் தேடினார், தேடினார்… பிறகு 'டப் டப்' என்று கேட்டது. நர்ஸ் மகளின் மணிக்கட்டைத் துடைத்தாள். "மண்ணு வேலை ஏதாச்சும் செஞ்சீங்களா?" என்றாள். பஞ்சில் செம்மண். மணிக்கட்டில் நான்கு விரல் தடம் ஒரு பக்கம், கட்டைவிரல் தடம் ஒரு பக்கம்.

மகளை எங்கள் வீட்டுக்கே கூட்டிப் போய்விட்டேன். சாமான் எடுக்க நான் திரும்பி வந்தபோது எலக்ட்ரீஷியன் தம்பியையும் வரச் சொன்னேன். சுவரைக் கொத்திப் பார்த்தவர் தலையில் அடித்துக்கொண்டார்.

"என்ன தம்பி?"

"நான் தப்பா சொல்லிட்டேன்மா. இந்த வீட்டு எர்த்து முன்பக்கம் மீட்டர் பெட்டிகிட்ட இருக்கு. இந்தக் குழிக்கும் வீட்டுக்கும் சம்பந்தமே இல்ல. கம்பி சுவத்துக்குள்ள ரெண்டு விரக்கடையோட நின்னு போச்சு."

"அப்ப நான் ஊத்துன தண்ணி?"

கடப்பாரையைக் குழிக்குள் விட்டுக் குத்தினார். புழுதி பறந்தது. ஒரு துளி ஈரம் இல்லை.

பக்கத்து மாடி வீட்டு அக்கா மேலேயிருந்து பார்த்துக்கொண்டே இருந்தார். என்னைவிட மூத்தவர், தெருவிலேயே பழைய ஆள். கீழே இறங்கி வந்தார்.

"அதையா தோண்டுறீங்க? அது பாதியில விட்ட வேலைங்க. குழி வெட்டிக் கம்பி இழுக்க வந்த ஆளு, கரண்ட் அடிச்சு விழுந்துட்டாரு."

"அங்கேயே போயிட்டாரா?"

"எங்க போனாரு? உயிர் இருந்துச்சு. மண்ணுல பொதைச்சா கரண்டு எறங்கிடும்னு யாரோ சொல்ல, அவரு வெட்டுன குழியிலயே கழுத்து வரைக்கும் எறக்கி மண்ணைத் தள்ளிட்டாங்க."

ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டிய நேரத்தில் செய்த வேலையைப் பாருங்கள்!

"நாடி பாக்கணும்னு ஒரு கையை மட்டும் வெளிய விட்டிருந்தாங்க," என்றார் அக்கா. "பக்கத்துல வந்தவங்க கையை எல்லாம் புடிச்சுப் புடிச்சு தண்ணி கேட்டாரு. ஷாக் அடிச்சவனுக்குத் தண்ணி குடுத்தா போயிடுவான்னுட்டாங்க. பொழுது சாயிற வரைக்கும் கேட்டுட்டே இருந்தாரு. ஒருத்தரும் குடுக்கல."

எனக்குப் பேரன் பிறந்தான். நன்றாக இருக்கிறான். அந்த வீட்டுக்கு வேறு ஒரு குடும்பம் வந்திருப்பதாகக் கேள்விப்பட்டேன். தவழுகிற குழந்தை இருக்கிறதாம். மனசு கேட்காமல் வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன். என்ன நினைத்தாலும் பரவாயில்லை, தினம் ஒரு குடம் தண்ணீர் மட்டும் ஊற்றச் சொல்லுங்கள் என்று கெஞ்சினேன்.

அவர் சிரித்தார்.

"நீங்க கவலையே படாதீங்கம்மா. போன வாரம்தான் அந்தக் குழியை சிமென்ட் போட்டு அடைச்சேன்."