ஆடிப்பூரத்தில் நான் கண்ட மணிக்கட்டு

அஞ்சேல் என்று கைகாட்டும் அன்னையே, சரணம்.

ஆடிப்பூரத்தன்று எங்கள் தீவின் ஜங்லிகாட் கோயிலில் பதிகம் ஓதியவாறே, அம்மனுக்குச் சாத்திய வளையல்களைப் பெண்களுக்கு அணிவித்தேன். காதலித்தவனையே மணந்து பக்கத்து வீட்டில் குடியிருந்த செல்வி கை நீட்டினாள். வளையல் பட்டதும் துடித்தாள். மணிக்கட்டில் விரல் பதிந்த கன்றல்.

"கப்பல் படியில விழுந்துட்டா, மாமி. ஏய், ஜல்தி சல், சீக்கிரம் நட!" என்று கணவன் அதட்டினான்.

"கப்பல் படிக்கு அஞ்சு விரல் இருக்காடா?" என்றேன்.

கையை முறுக்குவதைக் காதலென்று இனிக்க எழுதும் நாவல்கள் இக்கையைக் காணட்டும்!

"என்கூட வர்றியாம்மா?" என்றேன். தலையசைத்தாள். அவளை என் வீட்டில் வைத்துக்கொண்டு காவல்துறைக்குச் சொன்னேன். இன்று கடல் தாண்டி மெயின்லேண்டில் தாயுடன் இருக்கிறாள்.

காலில் விழும் பெண்களை நான் இனி 'தீர்க்கசுமங்கலி பவ' என வாழ்த்துவதில்லை. எழுப்பி நிறுத்தி, "வீட்ல உன்னை அடிக்கிறானா?" என்று கேட்கிறேன்.

இதை வாசிக்கும் அனைவரும் அச்சமின்றி வாழ அன்னை அருள்வாளாக.